ஆங்கிலத்தில் காதலிப்பது குற்றமா?

2022 மே மாதம் பிரதீக் குஹாடின் 'தி வே தட் லவ்வர்ஸ் டூ' வெளிவந்தது. இடையில் வந்த குறுந்தொகுப்புகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் அது அவருடைய இரண்டாவது முழுநீள ஆல்பம். 11 பாடல்கள், யாவும் ஆங்கிலம். அன்று முதல் பல்கலைக்கழக விடுதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் கருத்தரங்கு முடிந்தபின் நீளும் பேச்சுகளிலும் அந்த ஆல்பத்தின்மேல் ஒரே தீர்ப்பு சிறுசிறு வேறுபாடுகளோடு வழங்கப்பட்டு வருகிறது. பாடல்கள் கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றன. ஆனால் இந்தியில் பாடும்போதுதான் அந்த மனிதர் உண்மையாக இருக்கிறார். ஆங்கிலத்தில் பாடும்போது வேறு யாரோ ஆகிவிடுகிறார்.

கேட்பதற்கு இது தீங்கற்ற ரசனை போலத் தோன்றும். ஒருவருக்கு ஒன்று பிடிக்கும், மற்றொருவருக்குப் பிடிக்காது. அதில் வழக்காட என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தத் தீர்ப்புக்குள் ஒரு மொழிக் கொள்கை ஒளிந்திருக்கிறது. ஒருவரின் உள்ளம் ஒரே மொழியில்தான் குடியிருக்கிறது, மற்ற மொழிகள் அவர் அணியும் சட்டை என்பதே அக்கொள்கை. தேர்வுத்தாளில் இதை எழுதினால் எந்த மொழியியல் ஆசிரியரும் சிவப்பு மையால் அடித்துவிடுவார். அதே மாணவர் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டதும் அக்கொள்கைக்கே கையொப்பமிடுகிறார். வகுப்பறையில் கற்றது செவிவரை வந்து சேரவில்லை.

முதலில் தீர்ப்பு தன் சொந்தச் சான்றுகளின் முன் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஜெய்ப்பூரில் பிறந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பயின்று இந்தியா திரும்பிய குஹாட், இரு மொழிகளிலும் தொடக்கம் முதலே எழுதிப் பாடி வருபவர். கேட்போர் ஏக்கத்தோடு நினைவுகூரும் முதல் முழு ஆல்பமான 'இன் டோக்கன்ஸ் அண்ட் சார்ம்ஸ்' 2015-இல் வந்தது; அதுவும் ஆங்கிலமே. அவரை நாடறியச் செய்தவற்றுள் 2016-இல் வந்த 'தும் ஜப் பாஸ்' ஒன்று, அது இந்தி. அவரை உலகறியச் செய்தது 2018-இல் வந்த 'கோல்ட்/மெஸ்', அது ஆங்கிலம். 2019 இறுதியில் பராக் ஒபாமா வெளியிட்ட அவ்வாண்டின் விருப்பப் பாடல்களின் பட்டியலில் அது இடம்பெற்றபோது இந்தியக் கேட்போர் கொண்டாடினர். ஜிம் சார்பும் சோயா ஹுசைனும் நடித்த அதன் காணொளியைப் பார்த்துத் தம் முறிந்த காதலுக்கு அழுதவர்கள் ஏராளம். அப்போது எவரும் அக்கண்ணீரை இரவல் மொழியின் கண்ணீர் என்று சொல்லவில்லை.

ஆக, ஆங்கிலத்தில் அவர் பொய்யாகிவிடுகிறார் என்பது விதியாக இருந்தால், அவ்விதி 2015-இலும் 2018-இலும் செயல்படாமல் 2022-இல் மட்டும் விழித்துக்கொண்டது எப்படி? இந்தக் கேள்விக்குத் தீர்ப்பளித்தவர்களிடம் விடை இல்லை. ஏனெனில் அவர்கள் விதி எதையும் கண்டறியவில்லை. இரண்டாவது ஆல்பம் அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு மனத்தைத் தொடவில்லை. அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. கைக்கு எட்டிய தொலைவில் மொழி கிடந்தது. எடுத்துக்கொண்டார்கள்.

மொழியியல் படித்தோர்க்கு இவ்விடத்தில் ஒரு பழைய சோதனை நினைவுக்கு வந்திருக்கவேண்டும். 1960-இல் மாண்ட்ரியலில் வாலஸ் லாம்பர்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாகப் பேசும் சிலரை ஒரே பகுதியை இரு மொழிகளிலும் வாசிக்கச் செய்து பதிவு செய்தனர். கேட்ட மாணவர்களுக்கு அவை ஒரே ஆட்களின் குரல்கள் என்று தெரியாது. ஒவ்வொரு குரலுக்கும் உரியவர் எத்தகையவர், அறிவுள்ளவரா, நம்பத்தக்கவரா, அன்பானவரா என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஒரே மனிதருக்கு மொழி மாறியதும் குணமும் மாறிவிட்டது. ஆங்கில வேடத்தில் அவர் பெற்ற மதிப்பைப் பிரெஞ்சு வேடத்தில் பெறவில்லை. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களும் தம் மொழி வேடத்தைத் தாழ்த்தியே மதிப்பிட்டனர். 'மேட்ச்டு கைஸ்' என்ற பெயரில் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்ட அச்சோதனை காட்டியது பேசியவரின் குணத்தை அல்ல. கேட்டவரின் தலைக்குள் மொழிகளுக்கு ஒட்டப்பட்டிருந்த விலைச்சீட்டுகளை.

குஹாடின் பாடல்கள் எவரும் திட்டமிடாமலே நிகழ்ந்துவிட்ட அத்தகைய சோதனை. அதே குரல், பெரும்பாலும் அதே கிதார், அதே மெல்லிய வேகம், அதே காதல், அதே பிரிவு. மாறுவது மொழி. இந்தியில் அவர் எளிய சொற்களை அடுக்கினால் கேட்போர் அதை எளிமை என்கின்றனர். ஆங்கிலத்தில் அதே அளவு எளிய சொற்களை அடுக்கினால் வெறுமை என்கின்றனர். இந்தியில் பொதுவான காதலைப் பாடினால் அது எல்லோர்க்கும் உரியது. ஆங்கிலத்தில் பாடினால் எங்கோ ஏற்கெனவே கேட்டது. ஒரே சரக்குக்கு இரண்டு தராசு. இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிய பெரும்பாலான பேச்சில் நிறுக்கப்பட்டது ஆல்பம் அல்ல, தராசுதான்.

சரி, இந்தி அவருடைய உள்ளத்தின் மொழி என்றே கொள்வோர் எந்த இந்தியைச் சொல்கின்றனர்? 'கசூர்' என்பது 2020-இல் வந்த அவருடைய புகழ்பெற்ற பாடலின் பெயர். குற்றம், பிழை என்று பொருள்படும் அச்சொல் அரபி மூலத்தது. 'ஷஹரோன் கே ராஸ்' என்ற தொகுப்பின் தலைப்பில் நகரத்தைக் குறிக்கும் சொல்லும் இரகசியத்தைக் குறிக்கும் சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்தவை. இவற்றில் குறை ஏதுமில்லை. இந்தி-உருதுப் பாட்டு மொழியின் அழகே இக்கலப்புத்தான். ஆனால் அது பல நூற்றாண்டுக் கஜல் மரபும் அதன்பின் பம்பாய்த் திரைப்படமும் சேர்ந்து செதுக்கிய பாட்டு நடை. கடையில் காய்கறி வாங்கும்போதும் வீட்டுக்குள் சண்டையிடும்போதும் புழங்கும் பேச்சு அதுவன்று. மண்ணின் மொழிதான் உண்மையின் மொழி என்றால், ஜெய்ப்பூர் வட்டாரத்தின் மண்மொழி டூண்டாடி. 2011 மக்கள்தொகைக் கணக்கில் 52.8 கோடிப் பேர் இந்தியர் இந்தி பேசுவோராகக் காட்டப்படுகின்றனர். அவர்களுள் தம் தாய்மொழியின் பெயர் இந்தி என்றே பதிந்தவர் ஏறத்தாழ 32 கோடி. மீதி இடத்தில் 5 கோடி போஜ்புரியும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட ராஜஸ்தானியும் டூண்டாடியும் இன்னும் பல மொழிகளும் இந்தி என்ற ஒரு பெயரின்கீழ் அடக்கப்பட்டுக் கிடக்கின்றன. குஹாட் ஏன் டூண்டாடியில் பாடவில்லை என்று எந்தக் கேட்பவரும் கேட்டதில்லை. வேரைத் தேடிப் போகிறோம் என்று புறப்பட்டவர்கள் பாதி வழியில், தமக்கு வசதியான நிறுத்தத்தில் இறங்கிவிட்டனர்.

தமிழ் படித்தோர் இதில் இன்னும் தெளிவாக இருந்திருக்கவேண்டும். இரட்டை வழக்குள்ள மொழி தமிழ். எழுதும் தமிழில் எவரும் வீட்டில் பேசுவதில்லை. அதனால் எழுதப்பட்ட கவிதை பொய் என்று எவரும் சொல்வதில்லை. சங்க அகப்பாடலில் தலைவி பேசுவாள். எழுதியவர் ஆண் புலவராக இருப்பார். அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பாடலில் பேசும் 'நான்' பாடியவரின் வாழ்க்கைக் குறிப்பு அன்று, அது ஒரு கூற்று என்பதை இம்மரபு மிகப் பழைய காலத்திலேயே அறிந்திருந்தது. கூற்றுக்கு உரிய கேள்வி அது பொருந்துகிறதா, நிற்கிறதா என்பது. சொன்னவர் உண்மையாக உணர்ந்தாரா என்பது வம்புப் பேச்சுக்கு உரிய கேள்வி.

வேற்றுமொழியில் உயிரைக் கொட்டியவர்களுக்கும் பஞ்சமில்லை. காவிரிக் கரையில் வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதர் பாடியது பெரும்பாலும் சமஸ்கிருதத்தில். அவருடைய பக்தி இரவல் பக்தி என்று எவரும் எழுதியதில்லை. ஏ. கே. ராமானுஜன் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்; கவிதை எழுதியது ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். 1966-இல் ஆங்கிலத் தொகுப்பு, 1969-இல் கன்னடத் தொகுப்பு. இவற்றில் எது உண்மையான ராமானுஜன் என்று கேட்பவர் அவருடைய ஒரு கவிதையையும் படித்திருக்கமாட்டார். அயர்லாந்துக்காரர் சாமுவேல் பெக்கெட் 'கோதோ'வைப் பிரெஞ்சில் எழுதினார். கமலா தாஸ் 1965-இல் வந்த தம் முதல் தொகுப்பிலேயே ஆங்கிலத்தில் எழுதாதே என்று அறிவுரை கூறியவர்களுக்கு ஒரு கவிதையாலேயே விடையிறுத்துவிட்டார். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே அறிவுரை இலக்கியத் துறை மாணவர்களின் வாயிலிருந்தே ஒரு பாடகரை நோக்கி வருவது, அக்கவிதை பாடத்திட்டத்தில் இருந்தும் படிக்கப்படவில்லை என்பதையே காட்டுகிறது.

பிறகு எதனால் இந்திப் பாடல் நெஞ்சுக்கு நெருக்கமாக ஒலிக்கிறது? அந்த நெருக்கம் பொய்யன்று. ஆனால் அது பாடகரின் நெஞ்சிலிருந்து வருவதன்று. கேட்பவரின் நினைவிலிருந்து வருவது. பிள்ளைப் பருவம் முதல் வானொலியிலும் பேருந்திலும் திருமண மண்டபத்திலும் கேட்ட திரைப்பாடல்கள் காதலுக்கு ஒரு சொல்வரிசையை முன்கூட்டியே இட்டுவைத்துள்ளன. குஹாடே 2016-இல் 'பார் பார் தேக்கோ' படத்தில் பாடியிருக்கிறார். அந்தப் பழகிய சொல்வரிசை ஒலிக்கும்போது கேட்பவரின் பாதி வேலை முன்னரே முடிந்துவிடுகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு அந்த முன்பணம் இல்லை. பாடல் தானே ஈட்டிக்கொள்ளவேண்டும். இதை உணர்ந்து, இந்தப் பாடல்கள் தம் பழக்கத்துக்கு எட்டவில்லை என்று சொன்னால் அது நேர்மையான கருத்து. பாடகர் உண்மையாக இல்லை என்று சொல்வது, தம் பழக்கத்தின் எல்லையைப் பிறர் நெஞ்சின் எல்லையாக அறிவிப்பது.

இத்தீர்ப்பில் இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. அது 'நம்முடைய மொழியில் பாடவேண்டும்' என்ற தொடரில் இருக்கிறது. டெல்லியின் ஒரு விடுதியில் இத்தொடர் சொல்லப்படும்போது அதே மேசையில் ஒரு தமிழரும் ஒரு மிசோவும் ஒரு காசியும் ஒரு மலையாளியும் தேநீர் குடித்துக்கொண்டிருப்பர். அந்த 'நம்' அவர்களைக் கேட்காமலே அவர்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது, அல்லது சொல்லாமலே வெளியே நிறுத்துகிறது. ஷில்லாங்கில் லூ மஜா 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று பாப் டிலனின் பிறந்தநாளைப் பாடிக் கொண்டாடி வருகிறார். அதே நகரின் 'சோல்மேட்' குழு ப்ளூஸ் பாடுகிறது. நாகாலாந்தின் ஆட்சிமொழியே ஆங்கிலம். ஆங்கிலத்தில் பாடும் இந்தியர் வேரற்றவர் என்றால், தேவாலயத்திலும் பள்ளியிலும் ஊர் விழாவிலும் தலைமுறைகளாக ஆங்கிலப் பாட்டோடு வாழ்ந்துவரும் இம்மக்கள் எந்த நாட்டினர்? ஜெய்ப்பூர்க்காரர் ஒருவரின் ஆல்பத்தின்மேல் எறியப்பட்ட கல் ஷில்லாங்கில் போய் விழுகிறது. எறிந்தவர் திரும்பியும் பார்ப்பதில்லை.

அடுத்து உச்சரிப்பு. ஆங்கிலப் பாடல்களில் அவர் அமெரிக்கர்போல ஒலிக்கிறார், ஆகவே அது நடிப்பு என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. பாட்டில் உச்சரிப்பு என்பது 1983-இலேயே பீட்டர் ட்ரட்ஜில் ஆராய்ந்த பொருள். பீட்டில்ஸ் குழுவினர் இங்கிலாந்தின் லிவர்பூல்காரர்கள். ஆங்கிலமே அவர்கள் தாய்மொழி. இருந்தும் தொடக்ககாலப் பாடல்களில், தம் பேச்சில் இல்லாத இடங்களில் அமெரிக்கர்போல ரகரத்தை ஒலித்தனர். அறுபதுகளின் இறுதியை நெருங்க நெருங்க அவ்வழக்கம் குறைந்தது. நியூசிலாந்துப் பாடகர்களை ஆராய்ந்த ஆண்டி கிப்சன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பேசும்போது நியூசிலாந்துக்காரராக ஒலிப்போர் பாடும்போது இயல்பாகவே அமெரிக்கச் சாயலுக்கு மாறுகின்றனர்; தம் ஊர் உச்சரிப்பில் பாடுவதற்குத்தான் அவர்கள் முயலவேண்டியிருக்கிறது என்பது அவர் கண்டது. அதாவது, ஆங்கில வெகுசனப் பாட்டில் அமெரிக்கச் சாயல் ஒரு வேடம் அன்று. அவ்வகைப் பாட்டின் பொது நடை அது. கர்நாடக சங்கீதம் பாடும் தஞ்சாவூர்க்காரர் மேடையில் தஞ்சாவூர்ப் பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு பாடுவதில்லை. அவரிடம் எவரும் நீ ஏன் நடிக்கிறாய் என்று கேட்பதில்லை.

இதிலும் இரட்டைத் தராசு உண்டு. நாவளை ஒலிகளை அழுத்தி இந்தியர் என்று தெளிவாகத் தெரியும்படி பாடியிருந்தால் இதே கேட்போர் என்ன சொல்லியிருப்பர்? கல்லூரி விழாவின் தொடக்கநிலைக் குழு போல இருக்கிறது என்றிருப்பர். அமெரிக்கச் சாயலில் பாடினால் போலி, இந்தியச் சாயலில் பாடினால் கத்துக்குட்டி. இரு வழியும் அடைத்துவிட்டு, ஏன் இயல்பாக நடக்கவில்லை என்று கேட்பது விமர்சனம் ஆகாது.

மூன்றாவது குற்றச்சாட்டு மெருகு. அமெரிக்க நிறுவனத்தின் கையில் சிக்கிச் சொரசொரப்பை இழந்துவிட்டார் என்பது. ஆல்பத்தை வெளியிட்ட எலெக்ட்ரா 1950-இல் ஜாக் ஹோல்ஸ்மன் தொடங்கிய நிறுவனம். நாட்டுப்புறப் பாடகர்களைப் பதிந்து பெயரெடுத்துப் பின்னர் 'தி டோர்ஸ்' போன்ற குழுக்களை வெளியிட்டது. இன்று வார்னர் என்னும் பெரும் குடையின்கீழ் இருக்கிறது. தயாரிப்பாளர் ரயன் ஹாட்லாக். 'தி லூமினியர்ஸ்' குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர். ஒலிப்பதிவு நடந்த பேர் கிரீக், சியாட்டில் நகருக்கு அருகே பழைய களஞ்சியம் ஒன்றை மாற்றியமைத்த மரக்கூடம். 'அமெரிக்க மெருகு' என்ற சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழும் கண்ணாடிக் கட்டடத்துக்கும் இந்த மரக்கூடத்துக்கும் தொடர்பில்லை. இதனால் ஒலி சிறந்துவிட்டது என்று பொருளன்று. முரசும் பின்னணிக் குரல்களும் கூடியதால் கிதாருக்கும் குரலுக்கும் இடையில் முன்பிருந்த வெறும் வெளி குறைந்துவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். அது செவியால் சோதிக்கத்தக்க கருத்து. எந்தப் பாடலில், எந்த இடத்தில் என்று சுட்டவும் முடியும். அப்படிச் சுட்டியவர்களை எண்ண ஒரு கைவிரல்கள் போதும். மற்றவர்கள் நிறுவனத்தின் பெயரைக் கேட்டே மெருகைக் கேட்டுவிட்டனர்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. ஆங்கிலம் இந்தியாவில் வெறும் மொழி அன்று, ஒரு வாயிற்கதவு என்பதே அம்மறுப்பு. 2011 கணக்கில் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்றோர் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர்; இரண்டாவது அல்லது மூன்றாவது மொழியாகக் குறித்தோரையும் சேர்த்தால் சுமார் 13 கோடி. மீதி நூறு கோடிக்கு மேற்பட்டோர் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கின்றனர். ஆங்கிலத்தில் பாடும் இளைஞருக்கு எளிதில் திறக்கும் மேடைகள் கோண்டியிலோ சந்தாலியிலோ பாடுபவருக்குத் திறப்பதில்லை. இது முழு உண்மை.

ஆனால் இந்த உண்மை எவரைக் கேள்வி கேட்கிறது என்பதைப் பிரித்தறியவேண்டும். மேடையை யார் பங்கிடுகிறார்கள், விழா அமைப்பாளர் யாரை அழைக்கிறார், பதிவு நிறுவனம் எம்மொழியில் முதலிடுகிறது, நாளேட்டின் இசைப்பக்கம் எதைப் பொருட்படுத்துகிறது என்பவை அநீதி பற்றிய கேள்விகள். அவற்றுக்கு விடை வேண்டும். பாடியவர் உண்மையாக உணர்ந்தாரா என்பது அநீதி பற்றிய கேள்வியே அன்று. 1940-களின் தமிழிசை இயக்கம் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தபோது அதன் மையக் கோரிக்கை, தமிழர் கூடும் சபையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்பது. தியாகராசர் தெலுங்கில் உருகியது பொய் என்று நிறுவவேண்டிய தேவை அக்கோரிக்கைக்கு இல்லை. இடம் கேட்பது வேறு, பிறர் நெஞ்சைச் சோதனையிடுவது வேறு.

அதுவுமன்றி, ஆங்கிலத்துக்குப் பதிலாக இந்தியில் பாடிவிட்டால் அந்த அநீதி தீருமா? மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதி, ஆங்கிலத்தில் வேலைக்கு விண்ணப்பித்து, இரவில் இந்திப் பாட்டு கேட்டு வேரோடு இருப்பதாக ஆறுதல் கொள்பவருக்கு அது நல்ல ஆறுதல். கோண்டி பாடுபவருக்கு அதனால் ஒரு மேடையும் கூடுவதில்லை. ஆங்கிலம் என்றாலே மேட்டுக்குடி என்ற சமன்பாடும் அத்தனை எளிதன்று. 2010-இல் உத்தரப் பிரதேசத்தின் பங்கா கிராமத்தில் ஆங்கிலத்தைத் தேவியாக நிறுத்தித் தலித் மக்கள் கோயில் எழுப்ப முற்பட்டனர். அவர்கள் கேட்டது ஆங்கிலம் தங்களுக்கும் வேண்டும் என்பது. ஆங்கிலம் உன் நெஞ்சின் மொழியாக ஒருபோதும் ஆகாது என்று அவர்களுடைய பிள்ளைகளிடம் சொல்ல எவருக்கு உரிமை உண்டு?

இவ்வளவும் சொன்னதால் 'தி வே தட் லவ்வர்ஸ் டூ' குறையற்றது என்று ஆகிவிடாது. மொழியைக் காரணம் காட்டுவதை நிறுத்தினால்தான் குறைகளைக் காணவே முடியும். அந்த ஆல்பத்தின் காதலுக்கு ஊர் இல்லை, பருவம் இல்லை, காசு பற்றிய கவலை இல்லை, வீட்டார் இல்லை, சாதி இல்லை. 'நான்' உண்டு, 'நீ' உண்டு, இருவருக்கும் இடையில் ஒரு மெல்லிய வருத்தம் உண்டு. ஒரு பாடலில் இது அழகு. பதினொன்றில் தொடர்ந்தால் ஒரே அறைக்குள் நடப்பதுபோல் ஆகிவிடுகிறது. பெரும்பாலான பாடல்களின் வேகமும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் சலிப்பு விரைவில் வருகிறது. இவை உரிய குற்றச்சாட்டுகள். ஆனால் இவை அவருடைய இந்திப் பாடல்களுக்கும் அப்படியே பொருந்தும். அங்கும் ஊர் இல்லை, வீட்டார் இல்லை. இந்தியின் பழகிய இனிமை அந்த இன்மையை மூடி மறைத்தது. ஆங்கிலம் மூடியைத் திறந்துவிட்டது. இவ்வகையில் பார்த்தால், கேட்போர் தம் ஏமாற்றத்தைக் கொஞ்சம் பின்தொடர்ந்திருந்தால் பாடகரின் எழுத்தைப் பற்றியே ஒரு கூரிய உண்மையை எட்டியிருப்பர். மொழியின்மேல் பழிபோட்டதால் அந்த வாய்ப்பையும் இழந்தனர். தாம் விரும்பும் இந்திப் பாடல்களை மறுபடி கேட்டுப் பார்க்கும் தொல்லையிலிருந்தும் தப்பித்துக்கொண்டனர்.

ஒரு பாடகரின் ஆல்பத்துக்காக இத்தனை வழக்காடவேண்டுமா என்று கேட்கலாம். குஹாடுக்கு இதனால் பெரிய நட்டமில்லை; அவருடைய அரங்குகள் நிறைகின்றன. நட்டம் வேறிடத்தில். இதே செவிகள்தான் நாளை ஆய்வுக்குழுவில் அமரப்போகின்றன. முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் வந்து, இரண்டாவது மொழியில் தட்டுத்தடுமாறி, பின் அம்மொழியையே தன்வசமாக்கிக்கொண்ட மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டை முன்வைப்பாள். இது உன் சொந்தச் சிந்தனையாக ஒலிக்கவில்லையே, உன் மொழியில் சிந்தித்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று மிகுந்த கனிவோடு ஒருவர் அவளிடம் சொல்வார். சொல்பவர் தம் மொழியில் எழுதிய ஆய்வேட்டை ஏற்கும் துறை ஒன்றைக்கூட அவளுக்குக் காட்டமாட்டார். ஆல்பத்தைக் கேட்கும்போது ரசனை என்ற பெயரில் பழகிக்கொண்ட அதே தராசுதான் அன்றும் கையில் இருக்கும்.

ஆகவே கேட்போர் செய்யவேண்டியது பெரிதொன்றுமில்லை. ஆல்பம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும். எந்தப் பாடல், எந்த அடி, எந்த ஒலி என்று சொல்லட்டும். சொல்ல ஒன்றும் அகப்படாவிட்டால் இன்னொரு முறை கேட்கட்டும். அல்லது கேட்காமல் விடட்டும். ஒருவர் எம்மொழியில் காதலிக்கலாம், எம்மொழியில் அழலாம் என்று உரிமம் வழங்கும் அலுவலகத்தை மட்டும் மூடிவிடட்டும். அந்த அலுவலகத்தில் அவர்களை எவரும் பணியமர்த்தவில்லை.